கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பேரிங்) மாற்ற சி ஸ்பேனர் (வெட்டு நட்டைத் திருப்பும் கொக்கிச் சாவி) கிடைக்கவில்லை, என்ன வழி?

கேள்வி: பைக் ஹேண்டில் நடுவில் வந்ததும் குழியில் விழுந்த மாதிரி நிற்கிறது. வெட்டு நட்டை (கோன் செட்டை இறுக்கும், வெட்டுகள் உள்ள வட்ட நட்டு) உளியால் தட்டிக் கழற்றலாமா? பழைய கப்பை (பேரிங் குண்டுகள் ஓடும் வளையம்) எப்படி எடுப்பது?

பதில் 1: உளி வேண்டவே வேண்டாம் நண்பரே. வெட்டு மழுங்கினால் பிறகு இறுக்கத்தைச் சரியாக வைக்க முடியாது. நட்டின் வெளி அளவுள்ள பழைய பாக்ஸ் ஸ்பேனரை எடுத்து, வெட்டுகளுக்கு நேராக நான்கு பல் மட்டும் நிற்கும்படி மீதியைக் கிரைண்டரில் அறுத்துவிடுங்கள். பல் வெட்டுக்குள் ஆடாமல் உட்கார வேண்டும்.

பதில் 2: கப்பை உள்ளிருந்து நீளக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றித் தட்டுங்கள். கம்பிக்கு விளிம்பு சிக்காவிட்டால் கப்பின் உள்வட்டத்தில் ஒரு வரி வெல்டிங் வையுங்கள். ஆறும்போது சுருங்கித் தளரும். புதியதை ஏற்ற 12 மி.மீ. மரைக்கம்பி, 2 நட்டு, 2 தடித்த வாஷர் போதும்; கம்பியைக் கழுத்துக் குழாய் வழியே கோத்து, நட்டை இறுக்கிக் கப்பை உள்ளே ஏற்றுங்கள். வாஷர் கப்பின் வெளி விளிம்பில் மட்டும் அழுத்தட்டும். குண்டு ஓடும் பாதையில் பட்டால் புதுக் கப்பும் பாழ். சுத்தியல் சுலபம்தான், ஆனால் கப் கோணலாக ஏறும்.

கேட்டவர்: இறுக்கம் எவ்வளவு அண்ணா?

பதில் 2: முதலில் வெட்டு நட்டை நன்றாக இறுக்கி, ஹேண்டிலை இரு கோடிக்கும் சில முறை திருப்பி, பிறகு கொஞ்சம் தளர்த்துங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி லேசாகத் தள்ளினால் ஹேண்டில் தானே கோடிவரை சாய வேண்டும். ஃபோர்க்கை (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கால்கள்) முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. மேல் நட்டை இறுக்கியபின் மறுபடி பாருங்கள், இறுக்கம் மாறியிருக்கும்.