மறு: ஃபோசோரியல், ஷீல்ட்டெயில் – பட்டியலில் திருத்தம் தேவை

வணக்கம்.

மண்ணுக்குள் வாழ்வதைக் குறிக்கும் ஃபோசோரியல் என்ற சொல்லுக்கு 'மண்ணுளி' என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். மண்ணுளி என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வறண்ட நிலத்து இருதலைப் பாம்பு. கடத்தலுக்காகத் தேடித் தேடிப் பிடிக்கப்படும் உயிர் அது. அந்தப் பெயரைச் சோலைக்காட்டு யூரோபெல்டிடே குடும்பப் பாம்புகளுக்கும் (ஆங்கிலத்தில் ஷீல்ட்டெயில்) ஒட்டினால் அவற்றையும் பிடிக்கக் கிளம்புவார்கள்.

'அகழ்வாழ்' என்பதும் சரிவராது. அகழ்தல் என்றால் மண்ணைத் தோண்டி வெளியே எடுப்பது. இப்பாம்புகள் கூர்ந்த தலையால் துளைத்து, மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுகின்றன. தோல் நேராகவே இருக்க, உள்ளே முதுகெலும்பு மட்டும் வளைந்து மடியும். முன்னுடல் புடைத்துச் சுரங்கச் சுவரில் இறுக ஊன்றிக்கொள்ளும். மடிப்பு நிமிரும்போது தலை முன்னே பாயும். இந்த அசைவுக்கு 'உள்மடிப்பு நகர்வு', வாழ்முறைக்கு 'மண்ணகவாழ்' என்று முன்மொழிகிறேன்.

---

ஐயா, உள்மடிப்பு நகர்வு மிக நன்று, அப்படியே ஏற்கலாம். ஆனால் மண்ணகம் என்றால் நிலவுலகம். யானையும் மண்ணகவாழ் ஆகிவிடும். 'மண்ணடிவாழ்' என்றால் ஐயத்துக்கு இடமில்லை.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் 50க்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட யூரோபெல்டிடே குடும்பத்துக்குக் 'கேடயவாலிகள்' பொருந்தும். இதன் ரைனோஃபிஸ் பேரினத்தில் வால் நுனியில் சொரசொரப்பான தட்டு இருக்கும். ஈரமண் அதில் அப்பிக்கொண்டு, பின்னால் சுரங்கத்தை அடைத்துவிடும்.

சிக்கல் இதே குடும்பத்தின் மெலனோஃபிடியம் பேரினத்தில். அதன் வாலில் தட்டே கிடையாது. 1870இல் இயற்கையியலாளர் பெட்டோம் விவரித்த மெலனோஃபிடியம் பைலினியேட்டம் மிக அரிது. கரிய உடலின் இருபக்கமும் மஞ்சள் கோடு ஓடும். அதை 'இருகோட்டுக் கருங்கேடயவாலி' என்று எழுதினால், வாலில் தட்டைத் தேடும் மாணவர் வேறு குடும்பம் என்று ஒதுக்கிவிடுவார். 'கரும்பாம்பு' இராகுவுக்கு உரிய பெயர். 'கருந்துளையன்' வானியலில் போய் முட்டும்.

என் பரிந்துரை 'இருகோட்டுக் கருமண்ணடியன்'.

---

மண்ணடிவாழ் சரி, மண்ணகவாழை விலக்கிக்கொள்கிறேன். கருமண்ணடியன் என்பதில் ஒரு திருத்தம்: 'கருமண்' என்று பிரித்துக் கரிசல் நிலத்துப் பாம்பு என்று படிப்பார்கள். இதுவோ மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டு உயிர். நிறத்தைத் தனியே நிறுத்தி 'இருகோட்டுக் கரிய மண்ணடியன்' என்று எழுதுவோம். பேரினத்துக்குக் 'கரிய மண்ணடியன்கள்'. விளக்கக் குறிப்பில் 'கேடயவாலிக் குடும்பம், வால்தட்டு இல்லை' என்று கட்டாயம் சேர்க்கவும்.