புது ரிம் மாட்டியதும் டிபிஎம்எஸ் (டயர் காத்தழுத்தத்தைக் கண்காணிக்கிற அமைப்பு) விளக்கு சிமிட்டுது, இடது பின் சக்கரத்துக்கு மட்டும் கோடு காட்டுது

நாலுசக்கரம்:
பிக்கப் டிரக். வண்டியோட வந்த 17 இன்ச் ரிம்மை டயரோட எடுத்துட்டு 18 இன்ச் அலாய் ரிம், எல்டி டயர் (லைட் டிரக் டயர், அதிகச் சுமை தாங்குற லோடு ரேஞ்ச் ஈ) மாட்டியாச்சு. பழைய சென்சார்களை எடுக்கல, அதது அந்தந்த ரிம்முலயே இருக்கு. புது ரிம்முக்கு நாலு யுனிவர்சல் சென்சார், ரப்பர் வால்வு வகை.

கையடக்கக் கருவி வெச்சு ரீலேர்ன் (புது சென்சார்களை வண்டியில பதிய வைக்கிறது) பண்ணினதுல நாலு தடவையும் ஹாரன் ஒழுங்கா அடிச்சுது. ஆனா டேஷ்போர்டுல வந்தது 44, 44, 44, இடது பின்பக்கம் மட்டும் 35. கேஜ் வெச்சுப் பார்த்தா அந்த டயர்லயும் 44 பிஎஸ்ஐதான் இருக்கு. வண்டியை எடுத்து 20 நிமிஷம் ஓட்டினதும் 35 போய் வெறும் கோடு. மஞ்சள் விளக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல சிமிட்டிட்டு அப்புறம் நிலையா எரியுது. ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் இதேதான். சென்சார் போச்சா? டயரை மறுபடி இறக்கித்தான் ஆகணுமா?

வால்வுமுனை:
இறக்காதீங்க. அந்த 35-ஐ முதல்ல கவனிங்க.

கெட்டுப்போன சென்சார்லேர்ந்து பொதுவா பதிலே வராது. ஹாரன் அடிச்சு, 35-ன்னு ஒரு அளவும் வந்திருக்குன்னா, எங்கேயோ 35 பிஎஸ்ஐ காத்தோட ஒரு சென்சார் பதில் சொல்லியிருக்கு. கதவுச் சட்டத்துல ஒட்டியிருக்கிற அட்டையைப் பாருங்க, பழைய டயருக்கு 35-ன்னு போட்டிருக்கும்னு நினைக்கிறேன். ரீலேர்ன் பண்ணும்போது கழட்டின ரிம்மெல்லாம் எங்க இருந்துச்சு? இடது பின் சக்கரத்துக்குப் பக்கத்துலயா?

கருவி 125 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சிக்னல் விட்டு சென்சாரை எழுப்பும். எழுந்த சென்சார் தன் ஐடியையும் அழுத்தத்தையும் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ்ல அனுப்பும். ரீலேர்ன்ல இருக்கிற வண்டிக்கு அந்தச் சிக்னல் எந்த ரிம்முலேர்ந்து வருதுன்னு தெரியாது. முதல்ல காதுல விழுற ஐடியை "இதுதான் இடது பின்"னு எழுதி வெச்சுக்கும். பழைய ரிம் பக்கத்துல இருந்து, அது முந்திக்கிட்டா அவ்வளவுதான். வண்டி நின்ன இடத்துல எல்லாம் சரியா தெரியும். ரோட்டுக்குப் போனதும் அந்த ரிம் பின்னாடியே நின்னுடும், சிக்னல் வராது, கோடு விழும்.

சிமிட்டலும் இதையேதான் சொல்லுது. ஏறினதுமே விளக்கு நிலையா எரிஞ்சா காத்து குறைவு. 60-லேர்ந்து 90 நொடி சிமிட்டிட்டு நிலைச்சா சிஸ்டத்துல கோளாறு, அதாவது ஏதோ ஒரு சென்சார் பேசல. அப்போ காத்தடிச்சுப் பார்க்கிறதுல பிரயோஜனமே இல்ல.

உறுதி பண்ண கருவியை ரீட் மோடுல மட்டும் வெச்சு இடது பின் டயரைப் படிங்க. வர்ற ஐடியை எழுதிக்கோங்க. ஓபிடி (ஸ்கேன் கருவி மாட்டுற சாக்கெட்) வழியா வண்டிக்குள்ள பதிவான ஐடியையும் படிச்சு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. பெரும்பாலும் 8 எழுத்து, 0-லேர்ந்து 9, ஏ-யிலேர்ந்து எஃப். ஒத்துப் போகலைன்னா பதில் கிடைச்சாச்சு.

நாலுசக்கரம்:
ரிம் நாலும் இடது பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, சுவரோரம் அடுக்கி இருந்துச்சு! அட்டையில 35-தான். ஐடியில கடைசி மூணு எழுத்து வேற.

ரிம்டேப்:
அப்படியென்றால் வண்டியை வெளியே எடுத்து, பழைய ரிம்களுக்கும் வேறு வண்டிகளுக்கும் குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிறுத்தி மறுபடி செய்யுங்கள். பழைய ரிம்களை டிரக்கின் பின்தொட்டியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செய்தாலும் இதே குழப்பம் வரும்.

முறை வண்டிக்கு வண்டி மாறும். சாவி போட்டுத் திருப்பும் ஃபோர்டு எஃப்-150 வகையில்: இக்னிஷனை ஆஃப் செய்து பிரேக்கை ஒருமுறை அழுத்தி விடவும். ஆஃப்-இலிருந்து ரன் (ஆன்) நிலைக்கு 3 முறை திருப்பி ரன்னில் நிறுத்தவும். பிரேக்கை அழுத்தி விடவும். ஆஃப் செய்துவிட்டு மறுபடி 3 முறை. ஹாரன் ஒருமுறை அடித்து, இடது முன் சக்கரத்தைக் கேட்கும். பட்டன் ஸ்டார்ட் உள்ள பலவற்றில் இக்னிஷனைப் போட்டு ஹசார்டு பட்டனை 10 நொடிக்குள் 6 முறை அழுத்தினால் போதும். ஜிஎம் டிரக்குகள் பலவற்றில் ரிமோட்டின் லாக், அன்லாக் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் ஹாரன் இருமுறை அடிக்கும். வரிசை இரண்டு கம்பெனிக்கும் ஒன்றே: இடது முன், வலது முன், வலது பின், இடது பின். ஃபோர்டில் நடுவில் ஹாரன் இருமுறை அடித்தால் தோற்றுவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும். டொயோட்டாவில் ரீசெட் பட்டனை அழுத்தினால் புது ஐடி பதிவாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பெரும்பாலான மாடல்களில் அது அழுத்தத்தின் அடிப்படை அளவை மட்டுமே மாற்றும். ஐடியை ஓபிடி வழியாகத்தான் எழுத வேண்டும்.

கருவியை ரிம்மின் உலோகத்தில் வைக்க வேண்டாம். வால்வு கிளம்பும் இடத்துக்கு நேராக, டயரின் பக்கவாட்டு ரப்பரோடு ஒட்டிப் பிடியுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை முன்னே நகர்த்தி சக்கரத்தைக் கால் சுற்று திருப்பிப் பாருங்கள்.

அப்போதும் அந்தச் சென்சார் வாயே திறக்கவில்லை என்றால்தான் டயரை இறக்கும் பேச்சு. அதற்கு முன் இன்னொன்று: யுனிவர்சல் சென்சார் வெற்றாக வரும், எந்த வண்டிக்கு என்று எழுதிய பிறகே மாட்ட வேண்டும். 315 கேட்கும் வண்டிக்கு 433 எழுதியிருந்தால் கருவிக்குப் பதில் வரும், வண்டிக்குக் கேட்காது. இறக்கிய பிறகு பார்க்க வேண்டியது சென்சாரின் உடல் ரிம்மின் உள்குழியில் இடிக்கிறதா என்பது. வெளிச்சந்தை ரிம்களில் உள்வளைவு மாறுவதால் இது நடக்கும். இடித்த இடத்தில் பளபளப்பான தேய்மானம் தெரியும். பீடு (ரிம்மில் பொருந்தும் டயரின் விளிம்பு) இறக்கும் கம்பி பட்டு சென்சார் உடைவதும் உண்டு. அதனால் பீடைத் தள்ளும்போது வால்வு எப்போதும் அந்தக் கம்பிக்கு எதிர்ப்புறம் இருக்க வேண்டும்.

நாலுசக்கரம்:
தெருவுக்கு எடுத்துப் போய் பண்ணியாச்சு. நாலும் 44. அரை மணி நேரம் ஓட்டியும் விளக்கு வரல, ஐடியும் ஒத்துப்போகுது. ரொம்ப நன்றி. சரக்கு ஏத்தும்போது பின்னாடி 70 வரைக்கும் அடிக்கலாம்னு இருக்கேன். இதே செட்டிங்கோட விட்டுடலாமா?

முள்மீட்டர்:
விடாதீங்க, ரெண்டு காரணம் இருக்கு.

முதல்ல வால்வு. இழுத்து மாட்டுற சாதாரண ரப்பர் வால்வுக்கு உச்ச வரம்பு 65 பிஎஸ்ஐ. 70 அடிக்கணும்னா நட்டுப் போட்டு இறுக்குற உலோக வால்வுதான் வேணும். சென்சாரோட உச்ச அளவும் பாருங்க. கார் சென்சார் பலதும் 450 கிலோபாஸ்கல், அதாவது 65-லயே முடிஞ்சிடும், டிரக்குக்குன்னு 900 வரைக்கும் படிக்கிறது தனியா வரும். உலோக வால்வு போட்டா நட்டை டார்க் ரெஞ்சுல சென்சார் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்குங்க, பொதுவா 4-லேர்ந்து 8 நியூட்டன் மீட்டர்தான். அதிகமா முறுக்கினா அடி வாஷர் பிதுங்கிக் காத்து கசியும். வால்வுக்குள்ள திருகுற சின்ன பின் (வால்வு கோர்) நிக்கல் பூச்சு உள்ளதா இருக்கட்டும். வெறும் பித்தளை பின்னும் பித்தளை மூடியும் அலுமினியத் தண்டோட அரிச்சு இறுகிடும், அப்புறம் கழட்டும்போது தண்டே முறிஞ்சு வரும்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். வண்டிக்குள்ள இன்னும் 35-தான் அடிப்படை. அமெரிக்க வாகனப் பாதுகாப்பு விதி எஃப்எம்விஎஸ்எஸ் 138-படி அதுல 25 சதவீதம் குறைஞ்சா எச்சரிக்கை வந்தாகணும், அதாவது 26-க்குப் பக்கத்துல. எல்டி டயருக்கு அதே எடையைத் தூக்க அதிக அழுத்தம் வேணும். உங்க 44-லேர்ந்து 25 சதவீதம்னா 33. 33-க்கும் 26-க்கும் நடுவுல டயர் பக்கவாட்டுல மடங்கி மடங்கிச் சூடேறிக்கிட்டே இருக்கும், டேஷ்போர்டு ஒண்ணுமே சொல்லாது. சரக்கோட நெடுஞ்சாலையில இது டயரைக் கிழிச்சுடும். ஸ்கேன் கருவி வழியா அடிப்படை அளவை மாத்தி எழுத விடுற வண்டியா இருந்தா உடனே மாத்துங்க. முடியலைன்னா டேஷ்போர்டு எண்ணை நீங்களே பார்த்து, 40-க்குக் கீழே போனா நிறுத்துங்க.

அந்த 44-ம் டயர் கம்பெனியோட லோடு டேபிள்ல (எந்த எடைக்கு எவ்வளவு காத்துன்னு காட்டுற பட்டியல்), உங்க அச்சு எடைக்கு வந்த அளவான்னு ஒரு தடவை பாருங்க. டயர் பக்கத்துல அச்சடிச்சிருக்கிறது உச்ச அளவு, நிரப்ப வேண்டிய அளவு இல்ல. 3 மணி நேரம் நின்ன டயர்ல அளங்க. 10 டிகிரி செல்சியஸ் குறைஞ்சா 44-ல கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ போகும், அதுக்குப் பயந்து பஞ்சர் தேட வேண்டாம்.

வால்வுமுனை:
ஒண்ணு விட்டுப் போச்சு. பழைய ரிம்மை மறுபடி மாட்டுற யோசனை இருந்தா, நாலு பழைய ஐடியையும் எந்தப் பக்கம்னு குறிச்சு இப்பவே எழுதி வெச்சுக்கோங்க. பேட்டரி சென்சாருக்குள்ளேயே வார்த்து மூடினது, 5-லேர்ந்து 10 வருஷம்தான் வரும், தனியா மாத்த முடியாது. படிக்கும்போது கருவி பேட்டரி குறைவுன்னு காட்டினா அந்த ரிம்முக்குப் புது சென்சார்தான்.