ஒரு பருவம் பொய்த்தாலும் தாங்குவதற்கு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாறிவரும் பருவநிலையைச் சமாளிக்கச் சிறு விவசாயிகளுக்கு நம் நிதியிலிருந்து என்ன செய்யலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம், ஆழ்துளைக் கிணறு, புதிய ரக விதை, சொட்டுநீர்க் குழாய் என்று வாங்கிக் கொடுக்கக்கூடிய பொருள்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. உலகில் உள்ள சுமார் 60 கோடிப் பண்ணைகளில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இரண்டு எக்டேருக்கும் குறைவானவை. அவ்வளவு நிலத்தை நம்பி வாழ்பவர் ஒரு புதிய முறையை எடைபோடும்போது, நல்ல மழை ஆண்டில் எத்தனை மூட்டை கூடும் என்பதைவிட, மழை பொய்த்த ஆண்டில் சாப்பாட்டுக்கும் அடுத்த விதைப்புக்கும் மிஞ்சுமா என்பதையே முதலில் பார்ப்பார். இந்தக் கணக்கை விட்டுவிட்டு நாம் எதைக் கொடுத்தாலும் அது இரண்டாம் ஆண்டே மூலையில் கிடக்கும் என்பது என் எண்ணம்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவின் வடபகுதியில் 1980களின் வறட்சியில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி செய்ததைப் பாருங்கள். மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்காத அளவுக்கு இறுகிப்போன மண்ணில், முன்னோர் வெட்டிவந்த ஸாய் என்னும் சிறு குழிகளை அவர் சற்று அகலமாகவும் ஆழமாகவும் வெட்டி, மழைக்காலம் தொடங்கும் முன்பே அவற்றில் தொழுவுரம் இட்டார். உரத்தைத் தேடி வரும் கரையான்கள் மண்ணைத் துளைத்து வழி செய்ய, முதல் மழையின் நீர் ஓடி வீணாகாமல் குழிக்குள்ளேயே இறங்கிற்று. பைத்தியக்காரன் என்று சிரித்த அக்கம்பக்கத்தார் பிறகு அவரிடமே கற்றுக்கொண்டார்கள். 2018ஆம் ஆண்டு அவருக்கு ரைட் லைவ்லிஹுட் என்ற சர்வதேச விருதும் கிடைத்தது. ஆனால் ஒரு எக்டேருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகள் வேண்டும், அவற்றைக் கொளுத்தும் வெயிலில், கல்லாக இறுகிய தரையில், வீட்டின் இளைஞர்கள் வெளியூருக்குக் கூலி வேலை தேடிப் போகும் மாதங்களில் வெட்ட வேண்டும் என்பதை, இம்முறையைப் புகழ்பவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அங்கே குறைவாக இருப்பது அறிவு அல்ல, கோடையில் கை வேலைக்கு ஆள்.

அண்டை நாடான நைஜரில் ஏறத்தாழ 50 லட்சம் எக்டேர் நிலத்தில் மரங்கள் மீண்டும் தழைத்ததற்குப் பெரும்பாலும் நாற்றுகூட வாங்க வேண்டியிருக்கவில்லை. வெட்டப்பட்ட மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் உயிரோடு இருந்தன. அவற்றிலிருந்து கிளம்பிய தளிர்களில் இரண்டு மூன்றை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டதே வேலை. மரம் அரசுக்கே சொந்தம் என்ற சட்டத்தின் பிடி தளர்ந்து, வளர்த்தவனே வெட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை வந்தபோதுதான் அது பரவியது.

நெல்லிலும் இதே கணக்குதான். ஸ்வர்ணா சப்-1 என்ற ரகம் ஏறத்தாழ இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டு வரும். வெள்ளம் வராத ஆண்டில் பழைய ஸ்வர்ணாவைவிட விளைச்சல் குறைவதும் இல்லை. 2009இல் இந்தியாவில் வெளியான இந்த ரகத்தைப் பயிரிட்ட ஒடிசா விவசாயிகள், பயிர் அடியோடு போய்விடாது என்ற தைரியத்தில் உரத்துக்கும் நடவுக்கும் முன்பைவிடக் கூடுதலாகச் செலவு செய்ததை ஓர் ஆய்வு காட்டியது. மாறாக, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையில், துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, அதற்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். நீரும் மிஞ்சும், வயலில் நீர் தேங்குவதால் எழும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயுவும் குறையும். ஆயினும் அடுத்த முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடை விவசாயி, கையில் இருக்கும் நீரை வற்றவிட எப்படித் துணிவார்?

ஆழ்துளைக் கிணறு பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. ஒருவர் ஆழமாகத் தோண்டினால் பக்கத்து நிலத்துத் திறந்த கிணறு வற்றும்; நீர் கிடைத்த இடத்தில் அதிக நீர் குடிக்கும் பயிர் ஏறும்; சில ஆண்டுகளில் இன்னும் ஆழத்துக்குப் போக வேண்டிவரும்.

ஆகவே என் யோசனை சிறியது. மானாவாரி நிலத்தில் முதல் மழையை நம்பி விதைத்தபின், முளைத்த பயிர் அடுத்த இரண்டு மூன்று வாரம் மழை இல்லாமல் கருகிப்போவதே இப்போது அடிக்கடி நேர்கிறது. அப்போது மறுவிதைப்புக்கு விதை கையில் இல்லாதவர் கடன் வாங்குகிறார், அல்லது நிலத்தைத் தரிசாக விடுகிறார். குறுகிய கால ரகங்களின் விதையைப் பொதுவில் சேமித்துவைத்து, வாங்கியவர் அறுவடையில் அதே அளவைத் திருப்பித் தரும்படி ஓர் ஏற்பாடும், கோடையில் வரப்பு உயர்த்தவும் குழி வெட்டவும் கூலியை வேலைக்கு முன்பே தரும் ஒரு சிறு நிதியும் இருந்தால் போதும். விதை ஆண்டுதோறும் முளைப்புத்திறன் பார்த்து மாற்றப்பட வேண்டும் என்பதால், அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குவதைத்தான் நாம் முதலில் முடிவு செய்ய வேண்டும்.