பங்காட்சியா, ஆட்சிக்கூட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு கட்டுரையைத் தமிழாக்க உட்கார்ந்தேன். தேர்தலில் யாருக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காதபோது கட்சிகள் பேசி அரசு அமைப்பதைப் பற்றிய கட்டுரை. முதல் பத்தியிலேயே மாட்டிக்கொண்டேன். தேர்தலுக்கு முன் தொகுதிகளைப் பிரித்துக்கொள்வதும் நமக்குக் கூட்டணிதான், தேர்தல் முடிந்தபின் அமைச்சரவையில் சேர்ந்து உட்காருவதும் கூட்டணிதான். "கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது" என்று எழுதினால் படிக்கிறவர் முதலில் கேட்பது "எத்தனை சீட்?" என்பதாகத்தான் இருக்கும். நான் சொல்ல வந்ததோ வேறு சங்கதி.

கட்டுரை ஜெர்மனியைப் பற்றியது. 2013 செப்டம்பரில் தேர்தல். கிறித்துவ ஜனநாயக அணியும் சமூக ஜனநாயகக் கட்சியும் வாரக்கணக்கில் உட்கார்ந்து பேசி எழுதிய ஆவணம் 185 பக்கம். எந்தத் துறை எந்தக் கட்சிக்கு என்பது அதில் சின்னப் பகுதிதான். மீதியெல்லாம் இன்னின்ன சட்டம் கொண்டுவருவோம், மணிக்கு 8.50 யூரோ குறைந்தபட்சக் கூலி வைப்போம் என்பது மாதிரியான கொள்கை விவரம். அப்புறம் ஒரு வரி, எனக்கு மிகவும் பிடித்தது: கூட்டாளிகள் நாடாளுமன்றத்தில் ஒருவரை விட்டுவிட்டு வேறு கட்சியோடு சேர்ந்து பெரும்பான்மை தேடக் கூடாது. கணவன் மனைவி ஒப்பந்தம் மாதிரி இருக்கிறது! சமூக ஜனநாயகக் கட்சி இதைத் தன் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அனுப்பி வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சரி என்ற பிறகுதான் உள்ளே போனது. மெர்க்கெல் மூன்றாம் முறையாகப் பதவியேற்றபோது டிசம்பர் பாதி கடந்துவிட்டது.

இந்த ஆவணத்துக்குத் தமிழில் என்ன பெயர்? முன்பு குழுவில் வந்த யோசனைகளைப் பார்த்தேன்.

> கூட்டரசு உடன்படிக்கை என்று வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, மலேசியத் தமிழில் கூட்டரசு என்றால் ஃபெடரேஷன். கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசம் என்றுதான் எழுதுகிறார்கள். கூட்டாட்சியும் அதே கதை, அதை மாநிலங்கள் சேர்ந்த ஒன்றியத்துக்குக் கொடுத்து எத்தனையோ வருடமாகிறது, திருப்பி வாங்க முடியாது.

> குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டம் என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே?

இருக்கிறது. 1996-இல் ஐக்கிய முன்னணி வெளியிட்டது, 2004-இல் ஐக்கிய முற்போக்குக் கூட்டணியும் வெளியிட்டது. ஆனால் அது கொள்கைப் பட்டியல். யாருக்கு எந்த இலாகா, சண்டை வந்தால் யார் தீர்ப்பது, யார் எப்போது வெளியே போகலாம் என்பதெல்லாம் அதில் வராது. 185 பக்கத்தில் ஒரு பகுதியைத்தான் அந்தச் சொல் மூடும், கால் வெளியே தெரியும்.

> அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம்.

இது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பகிர்வு என்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கொடுப்பது போல ஒரு வாடை. இலங்கை நண்பர்கள் இதைப் பற்றிச் சொன்னால் நல்லது.

ஒப்பந்தமா உடன்பாடா என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒப்பந்தம் என்றதும் முத்திரைத்தாள், சாட்சி, மீறினால் வழக்கு என்று மனம் போகிறது. இந்த ஆவணங்களை மீறினால் எந்த நீதிமன்றமும் கூப்பிட்டுக் கேட்காது. கர்நாடகத்தில் 2006-இல் மதச்சார்பற்ற ஜனதா தளமும் பாஜகவும் ஆளுக்கு இருபது மாதம் முதல்வர் பதவி என்று பேசிக்கொண்டன. ஜனதா தளத்தின் குமாரசாமி தன் இருபது மாதத்தை முடித்துவிட்டு, 2007 அக்டோபரில் நாற்காலியை விட்டுத்தரவில்லை. பாஜகவால் செய்ய முடிந்தது ஆதரவை வாபஸ் வாங்குவது மட்டும்தான். பிறகு சமாதானமாகி நவம்பரில் பாஜகவின் எடியூரப்பா முதல்வரானார், ஒரு வாரம் இருந்தார். ஆகவே இதற்கு உடன்பாடு என்ற மெல்லிய சொல்லே பொருத்தம். (சுழற்சி முறை முதல்வர் என்ற தொடரைத் தயவுசெய்து யாரும் தொட வேண்டாம், அது நன்றாக வேலை செய்கிறது.)

என் யோசனை: பங்காட்சி. பங்கு + ஆட்சி. மக்களாட்சி, தன்னாட்சி, கூட்டாட்சி வரிசையில் தானாக உட்காருகிறது. ஆவணத்துக்குப் பங்காட்சி உடன்பாடு. "பங்காளி மாதிரி ஒலிக்கிறதே" என்று யாராவது சொல்வீர்கள். சொல்லுங்கள், ஒரே பாட்டன் சொத்துக்கு உரிமை கேட்டு ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு சண்டை போடுகிறவன்தான் பங்காளி, இங்கே உள்ளவர்களும் அதைத்தான் செய்கிறார்கள். பங்கு என்பது கணக்குக்கும் ஒத்துவருகிறது. ஒரு கட்சி எத்தனை இடத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறதோ ஏறக்குறைய அந்த விகிதத்தில்தான் அமைச்சர் பதவிகள் அமைகின்றன. போட்டதற்கு ஏற்ற பங்கைத்தான் கூட்டாளிகள் எதிர்பார்ப்பார்கள் என்று 1961-இலேயே காம்சன் என்ற சமூகவியலாளர் எழுதியிருக்கிறார். சின்னக் கட்சிக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இதைவிடக் கஷ்டமானது. ஆட்சி கவிழாமல் இருக்க மட்டும் ஆதரவு தருகிற உடன்பாட்டுக்கு ஆங்கிலத்தில் கான்ஃபிடென்ஸ் அண்ட் சப்ளை என்று பெயர். இதை ஓரிடத்தில் "நம்பிக்கை மற்றும் வழங்கல்" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். வழங்கல் என்றால் ரேஷன் கடை அல்லவா ஞாபகம் வருகிறது! இங்கே சப்ளை என்பது அரசு செலவு செய்யப் பணம் அனுமதிப்பது, அதாவது பட்ஜெட் வாக்கு. 2017 ஜூன் தேர்தலில் பிரிட்டன் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியக் கட்சிக்குப் பத்து உறுப்பினர்கள். நம்பிக்கை வாக்கெடுப்பிலும் பட்ஜெட்டிலும் அந்தப் பத்துப் பேரும் அரசுக்குக் கை தூக்குவார்கள், வட அயர்லாந்துக்குக் கூடுதலாக 100 கோடி பவுண்டு போகும் என்று அந்த மாதம் 26-ஆம் தேதி எழுதிக் கையெழுத்திட்டார்கள். அமைச்சர் பதவி கிடையாது.

"வெளியிலிருந்து ஆதரவு என்று நம்மிடம் இருக்கிறதே" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 2004 முதல் 2008 வரை மன்மோகன் சிங் அரசுக்கு இடதுசாரிகள் கொடுத்தது அதுதான், அணுசக்தி ஒப்பந்த விவகாரத்தில் அதை விலக்கிக்கொண்டதும் 2008 ஜூலை 22-இல் வாக்கெடுப்பு வந்தது, அரசு 275-க்கு 256 என்று தப்பியது. ஆனால் நியூசிலாந்தைப் பாருங்கள். 2017-இல் தொழிற்கட்சியோடு பசுமைக் கட்சி போட்டது இந்த வகை உடன்பாடு, இருந்தும் பருவநிலை மாற்றத் துறை பசுமைக் கட்சிக்காரரிடம் இருந்தது. அமைச்சர்கள் உண்டு, ஆனால் உள்ளமைச்சரவையில் இடம் இல்லை. வெளியிலிருந்து என்று இதை எப்படிச் சொல்வது? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எனவே சொல்லுக்குச் சொல் போகாமல், அந்த இரண்டு வாக்கும் என்ன செய்கின்றன என்று யோசித்தேன். அவை தோற்றால் ஆட்சி போய்விடும். மற்ற எந்த மசோதா தோற்றாலும் அரசு வருத்தப்பட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வரும். ஆகவே ஆட்சிகாப்பு உடன்பாடு. ஆட்சியைக் கவிழாமல் காப்பேன், அதற்குமேல் எதற்கும் நான் ஆளில்லை.

கருத்துச் சொல்லுங்கள்.

---

மறுமொழி 1

வணக்கம் ஐயா. இலங்கை வழக்கு என்னவென்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்கு அதிகாரப் பகிர்வு என்றால் மத்தியிலிருந்து மாகாணங்களுக்கு அதிகாரம் போவது. 1987-இல் அரசியலமைப்புக்கு வந்த பதின்மூன்றாம் திருத்தத்தைப் பற்றி வந்த எந்தத் தமிழ்க் கட்டுரையை எடுத்தாலும் இந்தச் சொல் இருக்கும். நீங்கள் அதைக் கட்சிகளுக்கு இடையிலான பேரத்துக்கு எடுத்தால் எங்கள் வாசகர் முழுக்கத் தவறாக விளங்கிக்கொள்வார். ஆகவே அதை விட்டதற்கு நன்றி.

ஆனால் பங்காட்சியில் எனக்கு ஒரு சங்கடம். வட அயர்லாந்தில் 1998 சமாதான உடன்படிக்கைக்குப் பின் இருக்கும் முறையை என்னவென்பீர்கள்? அங்கே யார் அரசுக்குள் வருவது என்று பேரம் பேசத் தேவையில்லை, சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நீதித் துறையும் முதலமைச்சர், துணை முதலமைச்சர் பதவிகளும் வேறு வழியில் போகின்றன, மற்றத் துறைகளைக் கட்சிகள் முறை வைத்து எடுக்கின்றன. இந்த முறைக்கு டோண்ட் கணக்கு என்று பெயர். மூன்று கட்சிகளுக்கு 30, 24, 14 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 முதலில் எடுக்கும். எடுத்தவுடன் அதன் எண்ணிக்கையை இரண்டால் வகுக்க வேண்டும், 15 ஆகிவிடும். அடுத்து 24 எடுக்கும், அது 12 ஆகும். மூன்றாவது முறை மூன்றாம் கட்சிக்கு வரும் என்றுதான் நினைப்போம், ஆனால் 15 பெரியது, ஆகவே முதல் கட்சியே இன்னொன்றை எடுக்கும், அதன் கணக்கு 30-ஐ மூன்றால் வகுத்து 10-க்கு இறங்கும். அதன்பிறகுதான் 14. இதில் பேச்சு எங்கே, உடன்பாடு எங்கே? லெபனானிலும் ஜனாதிபதி மாரோனியக் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி, சபாநாயகர் ஷியா என்று 1943 முதல் ஏற்பாடு. தேர்தல் முடிவைப் பார்த்துக் கட்சிகள் பேசித் தீர்மானித்ததல்ல அது.

ஜெர்மன் ஆவணத்தையும் இதையும் ஒரே சொல்லில் போட்டால், கூட்டணியில் நீங்கள் பட்ட பாட்டைப் பங்காட்சியில் நாங்கள் படுவோம்.

---

மறுமொழி 2

எனக்கு ஆட்சிகாப்பு பிடித்திருக்கிறது. ஆனால் காப்பு என்றதும் போலீஸ்காரர் கையில் மாட்டுகிற காப்புதான் கண்முன் வருகிறது, சில ஆட்சிகளுக்கு அதுவும் பொருத்தமாக இருக்கலாம். மலேசியாவில் 2021 செப்டம்பரில் இஸ்மாயில் சப்ரி அரசும் எதிர்க்கட்சியான பக்காத்தான் ஹராப்பானும் கையெழுத்திட்டதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்றுதான் பெயர், எதிர்க்கட்சிக்கு அமைச்சர் பதவி இல்லை, பதிலுக்குக் கட்சித் தாவல் தடைச் சட்டம் போன்ற சீர்திருத்தங்கள். எதிர்க்கட்சியாகவே இருந்துகொண்டு ஆட்சியைக் கவிழ்க்காமல் இருப்பது. ஆதரவு என்ற சொல்லைப் போடாமல் காப்பு என்று மட்டும் போட்டதால் இதற்கும் அது நிற்கிறது, அதனால் என் வாக்கு அதற்கு.

ஆட்சி அமைக்கும் பேச்சை நடத்த நெதர்லாந்துக்காரர்கள் நியமிக்கிற இன்ஃபர்மாத்தரையும் ஃபர்மாத்தரையும் என்ன செய்யப் போகிறீர்கள்?

---

மறுமொழி 3

இலங்கை நண்பர் சொன்னது சரி. டோண்ட் கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன், அதில் பேரத்துக்கு இடமே இல்லை. சொல்லை உருவாக்கியவன் நானே அதன் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். பங்காட்சி என்பது சட்டம் அல்லது பழைய ஏற்பாடு பங்கைத் தீர்மானிக்கும் இடங்களுக்கு மட்டும் இருக்கட்டும். வட அயர்லாந்து, லெபனான் அங்கே போகும். கட்சிகள் விரும்பிச் சேர்ந்து பேசி அமைப்பதற்கு ஆட்சிக்கூட்டு என்று வைத்துக்கொள்வோம். தேர்தல் கூட்டணி, ஆட்சிக்கூட்டு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விளக்கம் இல்லாமலே வித்தியாசம் தெரிகிறது. ஆவணத்துக்கு ஆட்சிக்கூட்டு உடன்பாடு. கொஞ்சம் நீளம், பரவாயில்லை, ஆவணமே 185 பக்கம்.

இதில் வருகிற ஒரு சின்னப் பிரிவுக்கும் பெயர் வேண்டும். பிரிட்டனில் 2010-இல் கன்சர்வேட்டிவ் கட்சியும் லிபரல் டெமாக்ரட் கட்சியும் ஐந்தே நாளில் பேசி முடித்தபோது, பல்கலைக்கழகக் கட்டணத்தில் இரண்டும் ஒத்துப்போக மாட்டா என்று தெரிந்தே, வாக்கெடுப்பில் லிபரல் உறுப்பினர்கள் கலந்துகொள்ளாமல் இருக்கலாம் என்று எழுதிவைத்தார்கள். "உடன்படாமைக்கு உடன்பாடு" என்று வரைவில் எழுதியிருந்தேன், நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. விலகுரிமை என்று மாற்றிவிட்டேன்.

இன்ஃபர்மாத்தர் விஷயத்தில் இன்னும் முடிவில்லை. ஃபர்மாத்தர் எளிது, ஆட்சியமைப்பாளர். (அரசமைப்பாளர் வேண்டாம், அரசமைப்பு என்றால் அரசியல் சட்டம்.) அவருக்கு முன்னால் வந்து, யார் யாரோடு சேரச் சம்மதிப்பார் என்று ஒவ்வொரு கட்சியாகப் போய் நாடி பிடித்துப் பார்க்கிறவர் இன்ஃபர்மாத்தர். நெதர்லாந்தில் முன்பு அரசர் அல்லது அரசி நியமித்தார், 2012 முதல் நாடாளுமன்றத்தின் கீழவையே நியமிக்கிறது. பழந்தமிழில் பகைவர் இருவரிடையே சமாதானம் பேசுவதைச் சந்து செய்தல் என்பார்கள், அதிலிருந்து சந்தாளர் என்று ஒன்றைச் செய்து பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டினேன், "பத்திரிகைக்குச் சந்தா கட்டுபவரா?" என்று கேட்டார்கள். அதோடு அதை மூடிவைத்தேன்.

பெல்ஜியம் இன்னும் மோசம். 2010 ஜூன் தேர்தலுக்குப் பின் 541 நாள் அரசு அமையவில்லை. அந்தக் காலத்தில் அரசர் ஒருவர் பின் ஒருவராக ஆளை நியமித்தார், ஒவ்வொருவருக்கும் ஒரு புதுப் பட்டம்: முன்-அமைப்பாளர், சமரசர், தெளிவாக்குநர் என்று. எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் ஆக்கினால் நமக்கும் 541 நாள் ஆகும். இப்போதைக்கு நாடியாளர் என்ற ஒரு சொல்லை இந்தக் கூட்டம் முழுவதற்கும் போட்டிருக்கிறேன், முதல் முறை வரும் இடத்தில் "கட்சிகளின் நாடி பிடித்துப் பார்க்க நியமிக்கப்படுபவர்" என்று ஒரு வரி விளக்கத்தோடு. சித்த மருத்துவர் என்று யாராவது நினைத்தால் சொல்லுங்கள், மாற்றிவிடலாம். கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும்.