ஊர்ப் பணத்தில் கூடைப்பந்துக் களம் தேவையா?

கோவிலூர் அன்பர்: எங்கள் ஊர்ப் பொதுநிதியில் பள்ளிக்கூடத்தை ஒட்டிய பொட்டலில் ஒரு கூடைப்பந்துக் களம் அமைக்கலாம் என்ற பேச்சு எழுந்துள்ளது, நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை வகுத்தபோதே, மோதல் குறைய வேண்டும் என்பதற்காகப் பந்தோடு ஓடுவதைத் தடுத்து, இலக்கையும் தலைக்கு மேலே உயர்த்தி வைத்தார். இன்றைய விதிகளிலும் அந்த எண்ணம் தொடர்கிறது. ஐந்து ஃபவுல், அதாவது எதிராளியைத் தள்ளுவது, பிடிப்பது போன்ற தவறுகள், செய்தவர் வெளியேற வேண்டும். ஆட்டத்தின் ஒரு கால்பகுதியில் அணியின் ஃபவுல்கள் நான்கைக் கடந்தால், பிறகு தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் எதிரணி இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் வளையத்தில் பந்தெறியும் வாய்ப்பு, பெறும். ஒருவனுடைய கோபத்துக்கு அணியின் ஐவரும் விலை கொடுக்கிறார்கள் என்பதைப் பன்னிரண்டு வயதிலேயே உணரும் பிள்ளை, நாளை ஊர்க்கூட்டத்தில் நிதானமாகப் பேசுவான்.

பள்ளத்தூர் ஆசிரியர்: ஐயா, விசிலுக்கு அஞ்சி அடங்குவதைப் பண்பு என்று நான் ஏற்கமாட்டேன். வெற்றியை மட்டுமே எண்ணும் பயிற்சியாளரிடம் சிக்கினால், அதே பிள்ளை நடுவர் பார்க்காத நேரத்தில் சட்டையைப் பிடித்திழுக்கவும் பழகுவான். மேலும் வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பதால் உயரமான பிள்ளைகளே ஆடுவார்கள்; மற்றவர்கள் பெஞ்சில் அமர்ந்து கைதட்டுவார்கள். கபடிக்கு மண்தரை போதும், அது நம் பிள்ளைகளுக்குப் பழகிய ஆட்டமும்கூட. ஊருணி தூர்ந்து கிடக்கும்போது 28 மீட்டர் நீளத்துக்கும் 15 மீட்டர் அகலத்துக்கும் கான்கிரீட் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

தேவகோட்டை முன்னாள் வீராங்கனை: ஆசிரியர் ஐயா பயிற்சியாளரைப் பற்றிச் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால் உயரம் ஒரு தடையே அன்று. சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையம் 2.60 மீட்டரில்தான் இருக்கும், பந்தும் சிறியது. தலைமைப்பண்பு பந்தை வளையத்தில் போடுவதால் வருவதில்லை, பொறுப்பை ஒப்படைப்பதால் வருகிறது என்பதே என் கருத்து. ஓர் ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதவும், நேரம் பார்க்கவும், பந்து கைக்கு வந்த அணி வளையத்தை நோக்கி எறிய வேண்டிய கெடுவைக் காட்டும் 24 விநாடிக் கடிகாரத்தை இயக்கவும் ஆள் வேண்டும். இந்த வேலைகளைப் பிள்ளைகளிடமே முறைவைத்துக் கொடுங்கள். தன் நண்பனுடைய ஐந்தாவது ஃபவுலைத் தன் கையாலேயே எழுதி, அவன் வெளியேறுவதைப் பார்த்தும் ஏட்டைத் திருத்தாத பெண்ணிடம் ஊர்க் கணக்கை நம்பி ஒப்படைக்கலாம். காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. அங்கு பயிலும் மாணவர்களை நடுவர் பயிற்சி அளிக்க அழைக்கலாம். அணிகளை மட்டும் தெருவாரியாகப் பிரித்துவிடாதீர்கள், குலுக்கிப் போட்டுக் கலந்து விடுங்கள். தெருவுக்கொரு அணி என்றால் பழைய பகை சீருடை அணிந்து வந்து நிற்கும்.

பள்ளத்தூர் ஆசிரியர்: அம்மா, தாங்கள் சொல்லும் ஏற்பாடு கபடியிலும் முடியும், அதற்கும் ஸ்கோர் ஏடு உண்டு, நடுவர் உண்டு. ஆகவே செலவு பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கோவிலூர் அன்பர்: ஊருணி, களம் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, ஐயா. இந்த ஆண்டு ஊருணியைத் தூர்வாரிவிட்டு, களத்துக்குப் பாதி நீளத்தில் ஒற்றை வளையத்தோடு தொடங்கலாம். அணிக்கு மூவர் ஆடும் ஆட்டத்துக்கு அது போதும்.

தேவகோட்டை முன்னாள் வீராங்கனை: அப்படியானால் பெண்பிள்ளைகளுக்கு மாலையில் தனி நேரத்தை இப்போதே எழுத்தில் உறுதி செய்யுங்கள். களம் அமைந்த பிறகு கேட்டால், பையன்கள் ஆடி முடித்து இருட்டிய பின்புதான் எங்களுக்கு இடம் கிடைக்கும்.

பள்ளத்தூர் ஆசிரியர்: அந்த நேரப்பட்டியலும், மாதந்தோறும் மாறும் பிள்ளைகளின் நிர்வாகக் குழுவும் தீர்மானத்தில் இடம்பெற்றால் எதிர்த்து வாக்களிக்கமாட்டேன். ஆதரிப்பேனா என்பதை ஊருணி வேலை முடிந்த பின்பே சொல்வேன்.