ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை: அக்கா வீட்டில் நாங்கள் பார்த்தது

ஸ்பிளிட் ஏசியில் வெளியே மாட்டியிருக்கும் பெட்டிதான் காற்றை இழுத்து உள்ளே அனுப்புகிறது என்று எங்கள் பக்கம் நிறையப் பேர் நம்புகிறார்கள். அது அறையின் சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அதே காற்றுதான் திரும்பத் திரும்பக் குளிர்ந்து வருகிறது.

தக்கலைக்குப் பக்கத்தில் அக்கா புது வீடு கட்டினாள். பெட்ரூம் 12க்கு 10. இரண்டு ஜன்னலும் ஒரே சுவரில். மேற்கே சாரல் அடிக்கும் என்று அந்தச் சுவரில் ஒன்றுமே வைக்கவில்லை, வென்டிலேட்டருக்கும் கண்ணாடி போட்டு அடைத்துவிட்டார்கள். "ஏல, தெனமும் தலைபாரத்தோடதான் எழும்புதேன், ஓட்டு வீட்டுல இப்படி இருந்ததே இல்ல" என்றாள். நாம் விடும் மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடு அறையில் எவ்வளவு சேர்கிறது என்று காட்டும் மீட்டர் நண்பர் ஒருவரிடம் இருந்தது, வாங்கிக்கொண்டு போய் கட்டில் பக்கத்தில் வைத்தோம். முற்றத்தில் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) சுமார் காட்டியது, கதவடைத்து ஏசி போட்டு அக்காவும் அத்தானும் படுத்த அறையில் விடியற்காலை 2,000-ஐத் தாண்டி நின்றது. 1,000-க்கு மேல் போனாலே அந்த அறைக்குப் புதுக்காற்று போதவில்லை என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். தலைபாரத்துக்கு இது ஒன்றுதான் காரணமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் அந்த எண்ணைப் பார்த்த பிறகு ஜன்னலை அளக்காமல் இருக்க முடியவில்லை.

மத்திய அரசின் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018' என்ற வீட்டுக் கட்டட விதி, நம்மைப் போல வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது வேண்டும் என்கிறது. சின்ன மனைகளுக்கு அது கட்டாயமில்லை, அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. அக்கா வீட்டில் 4க்கு 4 ஜன்னல் இரண்டு, 32 இருக்கிறதே என்றார் அத்தான். ஆனால் அது ஸ்லைடிங், பாதிதான் திறக்கும். கையில் கிடைப்பது 16. அதுவும் ஒரே பக்கம் என்றால், வந்த காற்று போக வழியில்லை.

சாரலுக்குப் பயந்து சுவரையே அடைப்பது எனக்குச் சம்மதமில்லை. பத்மநாபபுரம் அரண்மனையில் சாய்வான மரச்சட்டம் வைத்த ஜன்னல்களைப் பாருங்கள், காற்றும் வெளிச்சமும் வரும், மழைத்தண்ணீர் வெளிப்பக்கமே வழிந்துவிடும். அதே மாதிரி மேற்குச் சுவரில் உயரத்தில் ஒரு திறப்பு வெட்டி, சாய்வுச் சட்டமும் கொசுவலையும் போட்டோம், மேலே சன்ஷேடை நீட்டினோம். சூடான காற்று மேலேதான் ஏறும், வெளியே போகும் வழியும் மேலே இருந்தால் காற்று அசையாத ராத்திரியிலும் கொஞ்சமாவது நகரும். ஊதுபத்தி கொளுத்தி ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தோம்: முன்பு நேராக மேலே போய்ச் சுருண்டு நின்ற புகை, இப்போது படுத்தவாக்கில் அறையைக் கடந்து அந்தத் திறப்பை நோக்கிப் போகிறது.

கட்டடங்களில் மனிதர்களுக்கு எந்த வெப்பம் சௌகரியம் என்று ஆராய்ந்த ரிச்சர்ட் டி டியர், கெயில் பிரேகர் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வும் இதோடு ஒத்துப்போகிறது. ஜன்னலைத் தாங்களே திறந்து மூடும் கட்டடங்களில் இருப்பவர்களுக்கு, ஏசி கட்டடத்தில் இருப்பவர்களைவிடக் கூடுதல் வெப்பமும் சௌகரியமாகவே இருக்கிறது. அக்கா இப்போது ஜன்னலைத் திறந்து ஃபேன் போட்டுப் படுக்கிறாள், பங்குனி சித்திரையில் மட்டும் படுக்கும் முன் கொஞ்ச நேரம் ஏசி. சாதாரண ஃபேனுக்கு 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் என்றால் 30 சுமார். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் 1,500 வரை இழுக்கும்.

வீட்டு வேலை லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் மட்டத்தில் நிற்கிறவர்கள் இப்போதே கொத்தனாரிடம் சொல்லி ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் திறப்பு விடுங்கள். பூசி முடித்த பிறகு வெட்டுவதற்குச் செலவும் தூசியும் ரொம்பவே அதிகம்.