புதுப்பிப்பு: பல்லுக்குக் காப்பீடு எடுக்கவில்லை

அம்மாவின் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகக் கெடுகின்றன, பல் சிகிச்சைக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எடுக்கவில்லை. பாலிசிப் பத்திரத்தை இரண்டு இரவு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மருத்துவக் காப்பீடு, விபத்தில் அடிபட்ட பல்லுக்குத்தான் பணம் தரும், சொத்தைக்குத் தராது. வெளிநோயாளிச் செலவுக்கான (ஆஸ்பத்திரியில் தங்காமல் பார்க்கும் வைத்தியத்துக்கான) பிரிவைச் சேர்த்தால் வருடத்துக்கு 4,200 ரூபாய் கூடுதல். அதில் பல்லுக்கு உச்சவரம்பே 5,000 தான். அதுவும் காத்திருப்புக் காலம், அதாவது எடுத்த புதிதில் பணம் கேட்க முடியாத காலம், முடிந்த பிறகு. அம்மாவுக்கு வலி இப்போது இருக்கிறதே! முகவர் இதைச் சொல்லவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

போன மாதம் பதில் எழுதியபோது, தான் ஏற்கெனவே காப்பீட்டுக்குப் பணம் கட்டிவிட்டதாகச் சொன்ன அண்ணனுக்கு: புதுப் பாலிசி என்றால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம். சிறு பிடித்தம் போக மீதி வரும்.

அப்புறம், தொண்டியிலிருந்து பஸ் ஏறி அம்மாவைப் புதுக்கோட்டை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப் போனேன். 2023இல் திறந்தது, நம் கடற்கரைப் பக்கம் பலருக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டு பல் எடுத்தாயிற்று. ஒன்றுக்கு வேர் சிகிச்சை நடக்கிறது, இன்னும் இரண்டு தடவை போக வேண்டும். கூட்டம் இருக்கும், விடியக்காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

அந்த 4,200ஐ மாதம் 350 ஆகத் தபால் ஆபீஸ் ஆர்.டி.யில் போட ஆரம்பித்துவிட்டேன்.

நேற்று அம்மா வலப்பக்கமாக மென்று நெத்திலிக் குழம்பும் சோறும் சாப்பிட்டார்.